நாவலின் ஓர் அத்தியாயத்துக்காகப் பாராகிளைடரில் பறந்தேன். அடுத்த அத்தியாயத்துக்கு விமானத்திலிருந்து குதிக்க வேண்டுமா?

பாலாற்றுப்பாலம்:

எழுத்து நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக நான் எழுதிவரும் நாவலைப் பற்றி இங்கே முன்பே பேசியிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் பிரிவில் 17 ஆண்டுகள் வேலை செய்த பெண்ணொருத்தி, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குச் சென்று பாராகிளைடரில் பறக்கிறாள். அவளுடைய அப்பா பட்டாளத்தில் பாராசூட் வீரராக இருந்தவர். மகள் பறப்பதும், பல ஆண்டுகளுக்கு முன் அப்பா விமானத்திலிருந்து குதித்ததும் அடுத்தடுத்த அத்தியாயங்களாக வருகின்றன.

மகளின் அத்தியாயத்தை முதலில் பறக்காமலேயே எழுதினேன். 11 பக்கம் வந்தது. படித்துப் பார்த்த தோழி, "மேகம், பறவை, விடுதலை எல்லாம் இருக்கிறது, இவளுடைய கால் எங்கே?" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தாள். வாழ்நாள் முழுக்கப் பிறர் காலுக்குச் செருப்புத் தைத்தவளை எழுத வந்துவிட்டு, அவள் காலையே நான் மறந்திருந்தேன். பத்து நாள் அந்தக் கேள்வியோடு இருந்துவிட்டுப் பயணச்சீட்டு எடுத்தேன்.

சென்ற அக்டோபரில் இமாச்சலப் பிரதேசத்தின் பீர் பில்லிங்குக்குச் சென்றேன். 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம் அது. பில்லிங்கில் புறப்படும் சரிவு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கும் இடமான பீர் அதற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் கீழே இருக்கிறது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை மழையை முன்னிட்டு அங்கே பறக்கத் தடை உண்டு என்பதால் அக்டோபரைத் தேர்ந்துகொண்டேன். தனியாகப் பறக்கப் பல நாள் பயிற்சி வேண்டும். நான் பைலட்டோடு சேர்ந்து பறக்கும் டேன்டம் முறையில்தான் சென்றேன்.

என் பழைய அத்தியாயத்தில் அவள் மலை விளிம்பில் நின்று, கண்களை மூடிக்கொண்டு, பள்ளத்தாக்கில் குதிக்கிறாள். உண்மையில் அங்கே யாரும் குதிப்பதில்லை. எதிர்க்காற்றைப் பார்த்துப் புல் சரிவில் ஓட வேண்டும். பின்னால் விரித்து வைத்திருக்கும் பாராகிளைடர் துணியின் அறைகளில் காற்று நிரம்பி அது தலைக்கு மேல் எழும் வரை, ஓடுபவரை அது பின்னோக்கி இழுக்கிறது. கொழு வேரில் மாட்டிக்கொண்ட ஏரை மாடு இழுப்பதைப் போல உடலை முன்னால் சாய்த்து நான் இழுத்தேன். பின்னாலிருந்து பைலட் "பாகோ, பாகோ" (ஓடு, ஓடு) என்று இந்தியில் கத்திக்கொண்டே இருந்தார். கால் தரையை விட்டுவிட்டது என்று நினைத்து நான் உட்காரப் பார்த்தபோது "பைட்னா மத்" (உட்காராதே) என்று அதட்டினார். முதன்முறை பறக்கிற பலரும் செய்யும் தவறு அதுதானாம். அவசரப்பட்டு உட்கார்ந்தால் இடுப்பு தரையில் மோதும். எழுந்து இன்னும் இரண்டடி ஓடினேன். மூன்றாவது அடிக்குத் தரை இல்லை. வயிறு புரளவில்லை, நெஞ்சு அடைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த கால்கள் மட்டும் காற்றில் மேலும் நான்கைந்து அடி ஓடின.

எங்கள் வீட்டு மூன்றாம் மாடியின் கைப்பிடிச் சுவரருகே நிற்கவே தலைசுற்றும் எனக்கு, அங்கே அந்தப் பயம் வரவே இல்லை. கண்ணைத் தரையோடு கட்டிவைக்கும் சுவரோ தூணோ கீழே இல்லாததால், உயரம் உயரமாகத் தோன்றவில்லை. நான் அஞ்சியது வேறொன்றுக்கு. ஓடியதில் என் இடது ஷூவின் லேஸ் அவிழ்ந்திருந்தது. அந்த லேஸின் நுனி காற்றில் துடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே தகரக் கூரை வீடுகளும் தேயிலைத் தோட்டமும் நகர்ந்துகொண்டிருந்தன. ஷூ கழன்று யார் வீட்டுக் கூரையிலாவது விழுந்துவிடுமோ என்று, பறந்த நேரத்தில் பாதியை கால் விரல்களை மடக்கிப் பிடித்தபடியே கழித்தேன்.

இன்னும் சில உண்டு. பைலட்டின் தொடையருகே மாட்டியிருந்த, ஏற்ற இறக்கத்தை ஒலியால் காட்டும் வேரியோமீட்டர், மேலேறும்போது விரைந்து விரைந்து கூவியது; இறங்கும்போது அடித்தொண்டையில் முனகியது. கீழே நாய் குரைப்பது, பக்கத்துத் தெருவில் குரைப்பதைப் போலத் தெளிவாகக் கேட்டது. வெயிலில் சூடாகி எழும் காற்றுத் தூணுக்குள் வட்டமிட்டபோது விறகுப் புகையின் வாசனை அவ்வளவு உயரத்துக்கும் வந்தது. நான்காவது வட்டத்தில் குமட்டியது. பட்டையை இறுகப் பிடித்திருந்த விரல்கள் இரண்டு நாள் வலித்தன.

திரும்பி வந்து எழுதியபோது 11 பக்கம் 6 பக்கமாகச் சுருங்கியது. அந்த ஆறில் நான்கு பக்கம் தரையிலேயே நடக்கிறது. இப்போது அப்பாவின் அத்தியாயத்துக்கு வந்திருக்கிறேன். வடக்கே ஓரிடத்தில் பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டி விமானத்திலிருந்து குதிக்க வைக்கிறார்கள் என்று அறிந்தேன். செலவு என் இரண்டு மாதச் சம்பளத்தை நெருங்குகிறது. குதிக்கத்தான் வேண்டுமா? மனத்தில் பட்டதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

காட்பாடிவாசகி:

உங்கள் துணிவை மதிக்கிறேன். ஆனாலும், ஒன்றை எழுதுவதற்கு அதைச் செய்து பார்த்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றுவதை நான் ஏற்கவில்லை. 30 ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் எனக்கு உடனே நினைவுக்கு வருவது சீவக சிந்தாமணியின் மயிற்பொறி. நிறைமாதச் சூலியான விசயை, கணவன் செய்வித்த மயில் வடிவப் பொறியில் ஏறி நகரை விட்டுப் பறந்து, சுடுகாட்டில் இறங்கி அங்கேயே சீவகனைப் பெற்றெடுக்கிறாள். பொறியை வலப்பக்கம் திருகினால் எழும், இடப்பக்கம் திருகினால் இறங்கும் என்று இயக்கும் முறையைக்கூடத் திருத்தக்கதேவர் சொல்கிறார். அவர் எதில் ஏறிப் பறந்தார்? ஆயிரம் ஆண்டு கடந்தும் அந்தப் பறத்தலை நாம் நம்புகிறோம், விசயைக்காகக் கலங்குகிறோம்.

கற்பனை என்பது எழுத்தாளரின் மூலதனம். அதை நம்பாமல் உடலைக் கொண்டுபோய் ஆபத்தில் நிறுத்துவது எனக்குக் கவலையளிக்கிறது. கொலையை எழுதுகிறவர் என்ன செய்வார்?

வட்டக்கிணறு:

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்கிறேன், சிறுகதைகள் எழுதுகிறேன். இரண்டு மாதச் சம்பளத்தை ஒரு காட்சிக்குச் செலவழிப்பது என்னைப் போன்றவர்களால் நினைத்துப் பார்க்கவும் முடியாதது. அக்காவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பணம் உள்ளவர்கள்தான் வானத்தை எழுத முடியும் என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் ஊர் ஒடுகத்தூர்ப் பக்கம். எங்களுக்கு வானம் என்பது கிணறுதான். பாட்டனார் காலத்தில் வெட்டிய பெரிய வட்டக் கிணறு. பம்புசெட் அறையின் மாடியிலிருந்து தண்ணீர் மட்டத்துக்கு 30 அடிக்கு மேல் இருக்கும். முதல் முறை குதித்தபோது எனக்கு 11 வயது. மாடியின் சிமெண்டு விளிம்பு உள்ளங்காலைச் சுட்டுக்கொண்டிருந்தது. பின்னால் அண்ணன்மார் நான்கு பேர் நின்றார்கள், திரும்பி இறங்க வழியில்லை. காலை எடுத்த அந்த நொடியில் வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று நழுவி, நான் விழுவதற்கு முன்பே கீழே போய்விட்டது. கிணற்றுச் சுவரில் முளைத்திருந்த அரசங்கன்று ஒன்று மேல்நோக்கிப் பாய்ந்தது இன்றும் கண்ணில் இருக்கிறது. பிறகு படித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 10 மீட்டர் விழ ஏறத்தாழ 1.4 நொடிதான் ஆகும், தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அந்த ஒன்றரை நொடியை நான் முப்பது ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறேன்.

விமானத்திலிருந்து குதிப்பதும் இதையே நீட்டிப் பார்ப்பதுதானே? கிணற்றில் குதித்தவனால் அதை எழுத முடியாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

கம்மவான்பேட்டைக்காரர்:

எங்கள் ஊரைப் பற்றி இந்த மாவட்டத்தில் அறியாதவர்கள் குறைவு. வீட்டுக்கு ஒருவராவது படையில் இருக்கும் ஊர் என்பதால் ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். நான் பாராசூட் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எழுத்து எனக்குத் தெரியாது. வாசகனாக மட்டும் இந்தக் குழுவில் இருக்கிறேன். இந்த இழையில் எனக்குத் தெரிந்த பொருள் வந்திருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் சகோதரிக்கு. நீங்கள் பணம் கட்ட நினைக்கும் குதிப்பும், உங்கள் நாவலில் வரும் அப்பா குதித்த குதிப்பும் ஒன்றல்ல. டேன்டம் ஸ்கைடைவிங்கில் 10,000 அடிக்கு மேலிருந்து குதிப்பார்கள். முக்கால் நிமிடம், சில இடங்களில் ஒரு நிமிடம் வரை, மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுவீர்கள். 5,000 அடி அளவில் பயிற்றுநர் பாராசூட்டைத் திறப்பார். உங்கள் கையில் எந்தப் பொறுப்பும் இருக்காது. அந்த அப்பா ஆக்ராவிலுள்ள பாராசூட் பயிற்சிப் பள்ளியில் பயின்றிருப்பார். அங்கே அடிப்படைப் பயிற்சியில் குதிப்பது 1,200 அடிச் சொச்ச உயரத்திலிருந்து, ஸ்டேடிக் லைன் என்ற பட்டையின் உதவியோடு. அந்தப் பட்டையின் ஒரு முனை விமானத்துக்குள் ஓடும் கம்பியில் மாட்டப்பட்டிருக்கும்; நீங்கள் வெளியே விழுந்ததும் அது இழுபட்டுப் பாராசூட்டை உருவிவிடும். மூன்று நான்கு எண்ணுவதற்குள் குடை விரிந்திருக்கும். அடுத்த ஒரு நிமிடம், அல்லது சற்றே கூடுதல், அதற்குள் தரை. அதில் "விழுதல்" என்பதே ஏறக்குறைய இல்லை. எனவே இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அந்த மனிதர் அறியாத ஒன்றை வாங்கி வந்து, அவர் நெஞ்சில் வைத்து எழுதப் போகிறீர்கள். அது பொய்யாகிவிடும்.

இனி கிணற்றுத் தம்பிக்கு. பின்னாளில் உயரத்திலிருந்து குதிக்கும் ஃப்ரீஃபால் பயிற்சியும் பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சொல்லும் அந்த வயிறு நழுவுதல் அங்கே கிடையாது, அல்லது பெயருக்குத்தான் இருக்கும். கிணற்றில் நின்ற நிலையிலிருந்து விழுகிறீர்கள். விமானமோ ஏற்கெனவே மணிக்கு 150 கிலோமீட்டர் அளவில் போய்க்கொண்டிருக்கிறது. வெளியேறிய கணமே அந்த வேகத்தின் காற்று உங்களை வாங்கிக்கொள்கிறது. பத்துப் பன்னிரண்டு நொடியில் காற்றின் தடையும் உடலின் எடையும் சமமாகி வேகம் நிலைத்துவிடும். அதற்குப் பிறகு விழுவதாகவே தோன்றாது. பெருங்காற்றின் மேல் குப்புறப் படுத்திருப்பதாகத்தான் தோன்றும். காதில் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்காது. பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் முடியாது.

கடைசியாக ஒன்று. ஓய்வு பெற்ற பின் எழுதுகிறவர்கள், பத்திரிகைக்காரர்கள் சிலர் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் கேட்கும் கேள்வி "பயமாக இருந்ததா?" என்பதுதான். "இருந்தது" என்று சொல்வேன், எழுதிக்கொண்டு போவார்கள். "அப்போது உங்கள் கை எங்கே இருந்தது?" என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

இரவுப்பணி:

வேலூரில் ஒரு மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். இலக்கிய விவாதத்துக்குள் போகவில்லை. படித்துவிட்டு யாராவது ஆர்வத்தில் கிளம்பினால், போவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

பாராகிளைடிங்கில் அடிபடுவது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். கணுக்கால் முறிவும், கீழ் முதுகெலும்பு நசுங்குவதும் அதிகம். முதுகுத் தேய்மானம், இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு நோய் இருப்பவர்களும் கருவுற்றவர்களும் போக வேண்டாம். சளி, சைனஸ் தொல்லை இருக்கும் நேரத்தில் உயரத்திலிருந்து வேகமாக இறங்கினால் காது தாங்காது. வெறும் வயிற்றில் போவதும் தவறு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவதும் தவறு. இரண்டு இட்லி போதும். கணுக்காலைப் பிடிக்கும் ஷூ அணியுங்கள், லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டு நுனியை உள்ளே செருகுங்கள்.

என் அண்ணன் மகன் ஓர் ஊரில் இப்படிப் பறக்கச் சென்றான்; இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே எடையைக் கேட்கவில்லை, நெஞ்சுப் பட்டையை மாட்டாமலேயே ஓடச் சொன்னார்கள், பக்கத்தில் நின்ற வேறொரு பைலட் பார்த்து நிறுத்தினார். ஆகவே பைலட்டின் உரிமம், அவசரத்துக்கான ரிசர்வ் பாராசூட், ஹெல்மெட், நெஞ்சிலும் இரு தொடைகளிலும் பட்டை என எல்லாவற்றையும் நீங்களே கேட்டு, தொட்டுப் பாருங்கள். காற்று சரியில்லை என்று பைலட் சொன்னால் வாதாடாமல் திரும்பி வாருங்கள். விபத்துக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டுக்கு இழப்பீடு கிடையாது. அதையும் படித்துவிட்டுப் போங்கள்.

நிலாவூரான்:

ஏலகிரியில் பிறந்து வளர்ந்தவன். மேலே வந்தவற்றோடு எனக்குச் சண்டையில்லை. மலையைச் சரியாக எழுத வேண்டும் என்பது மட்டும் என் கவலை. பீர் பில்லிங்கில் பறந்துவிட்டு அந்த மலையைத் தூக்கி ஏலகிரி என்று வைத்துவிடாதீர்கள். எங்கள் மலை ஏறத்தாழ 1,100 மீட்டர்தான். தேயிலை கிடையாது, தேவதாரு கிடையாது. பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரவேண்டும். புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை அந்த வளைவுகளுக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் கதாநாயகி பேருந்தில் வரும்போது அந்தப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே வருவாள். மேலிருந்து பார்த்தால் தெரிவது தென்னந்தோப்புகளும், காய்ந்த ஏரிகளும், ஜோலார்பேட்டைச் சந்திப்பில் பிரியும் தண்டவாளங்களும். காற்று அடங்கிய மாலைகளில் ரயிலின் ஊதல் எங்கள் வீட்டுத் திண்ணை வரை கேட்கும்.

இன்னொன்று, நாவலின் காலம் எது? 2019-க்கு முன் என்றால் ஏலகிரி வேலூர் மாவட்டம். பிறகு திருப்பத்தூர் மாவட்டம். அப்பாவின் இளமைக் காலத்தில் இவை எல்லாமே வட ஆர்க்காடு. அவர் பட்டாளத்திலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதத்தின் உறையில் "வ.ஆ. மாவட்டம்" என்றுதான் இருக்க வேண்டும்.

பாலாற்றுப்பாலம்:

அனைவருக்கும் நன்றி. நிலாவூரான் சொன்ன கடித உறையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ரயிலின் ஊதலையும்தான்.

காட்பாடிவாசகி அம்மாவுக்கு ஒரு சொல். நீங்கள் குறிப்பிட்ட பகுதியை நேற்றிரவு உரையோடு படித்தேன். மேகத்தைக் கிழித்துப் பறப்பது எந்தக் கவிஞரும் எழுதக் கூடியது. ஆனால் அந்தப் பொறி இறங்கும்போது கால்களைக் குவித்து உட்காரும் என்று ஓரிடத்தில் வருகிறது. அதை மயில் இறங்குவதை உற்றுப் பார்த்த ஒருவர்தான் எழுதியிருக்க முடியும். அவர் பறக்கவில்லை, ஆனால் தம் கண்ணெதிரே பறந்து இறங்கியதை விடாமல் பார்த்திருக்கிறார். நான் பீர் வரை சென்று தேடிய காலை அவர் வயல் வரப்பில் கண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. அந்த அளவில் உங்கள் கருத்தோடு நானும் உடன்படுகிறேன். கொலை பற்றிய கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

குதிக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பதிலாகக் கம்மவான்பேட்டை ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன்: முதல் முறை குதித்தபோது, உங்கள் கை எங்கே இருந்தது?

கம்மவான்பேட்டைக்காரர்:

கேட்டதற்கு நன்றி அம்மா. 1987, ஏஎன்-32 விமானம். உள்ளே இரண்டு பக்கமும் நீள இருக்கைகள். எரிபொருள் வாடையும் வியர்வையும் கலந்து வரும். யாராவது ஒருவர் வாந்தி எடுத்துவிட்டால் எல்லோருக்கும் வந்துவிடும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எழச் சொன்னதும் எழுந்து, ஸ்டேடிக் லைன் கொக்கியைத் தலைக்கு மேலுள்ள கம்பியில் மாட்ட வேண்டும். மாட்டியபின் ஒரு முறை சுண்டி இழுத்துப் பார்ப்போம். நான் மூன்று முறை இழுத்தேன். அதற்குப் பிறகு என் முன்னால் நிற்பவரின் முதுகுப் பையைச் சரிபார்ப்பது என் வேலை. என் முதுகை எனக்குப் பின்னால் நின்றவர் பார்த்தார். அந்த நேரத்தில் என் வலது கை, முன்னால் நின்ற தஞ்சாவூர்க்காரரின் பையில் ஒரு தையலின் மீது இருந்தது. பச்சை விளக்கு எரிந்தபோது விளக்கை நான் பார்க்கவில்லை; அந்தத் தையல் என் விரலை விட்டுப் போயிற்று, அதனால் நகர்ந்தேன்.

வெளியே வந்ததும் முகவாய் நெஞ்சில் படிய, முழங்கால்கள் ஒட்டி, இரு கைகளும் நெஞ்சின் முன்னுள்ள ரிசர்வ் பாராசூட்டின் மேல் இருக்க வேண்டும். எண்ண வேண்டும். நான் எண்ணியது தமிழில். பயிற்சியில் அப்படிச் சொல்லித் தரவில்லை. குடை விரிந்ததும் தோள்பட்டையில் ஒரு வெட்டு, அதன்பின் திடீரென்று அப்படி ஓர் அமைதி. அண்ணாந்து பார்த்தால் குடையின் உச்சியில் ஓட்டை. என் மகள் சிறுமியாக இருந்தபோது புகைப்படத்தைப் பார்த்து "குடையில் ஏன்பா ஓட்டை?" என்று கேட்டாள். பிரான்சில் கார்னெரின் என்பவர் 1797 அக்டோபர் 22 அன்று பாரிஸில் பலூனிலிருந்து குதித்தபோது அவர் குடையில் ஓட்டை இல்லை. உள்ளே சேர்ந்த காற்று விளிம்பு வழியாகப் பிதுங்கி வெளியேறியதில் ஊஞ்சலைப் போல ஆடிக்கொண்டே இறங்கினார். பிற்காலத்தில் உச்சியில் துளை விட்டபிறகுதான் ஆட்டம் குறைந்தது. அதைத்தான் அவளுக்குச் சொன்னேன்.

தரையைத் தொடும் வேகம், ஐந்தடி உயரத் திண்ணையிலிருந்து குதிப்பதற்குச் சமம். பாதம், கெண்டைக்கால், தொடை, பிட்டம், முதுகின் பக்கவாட்டு என்று வரிசையாக உருண்டு விழ வேண்டும். பத்து நாளுக்கு மேல் தரையில் அதைத்தான் பழக்கினார்கள். 61 வயதாகிறது, சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கியபோது உடல் தானாக அப்படித்தான் விழுந்தது.

காட்பாடிவாசகி:

தையலின் மீது இருந்த விரல் என்ற இடத்தில் நிறுத்தி இரண்டு முறை படித்தேன். மகள் தையல்காரி என்பதை ஐயா மனத்தில் வைத்துச் சொன்னாரா, தற்செயலா என்று தெரியவில்லை. இந்த நாவலுக்கு இது கிடைத்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. கற்பனை பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கும் இரை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பாலாற்றுப்பாலம்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். ஐயாவின் இசைவோடு அப்பாவின் அத்தியாயத்தை முடித்துவிட்டேன். மகளின் அத்தியாயத்தையும் மறுபடி தொட்டேன். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பத்தியை இடுகிறேன்.

"முன்னால் நின்றவனின் பையில் ஐந்தாவது தையல் சற்றே கோணலாக இருந்தது. பெருவிரலால் அதைத் தடவிக்கொண்டே நின்றார். யாரோ ஒரு பெண் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து தைத்தது. அன்று அவளுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். தையல் விரலை விட்டு நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். தரை எழுந்து வருவதையே உற்றுப் பார்த்தபடி, ஒன்று, இரண்டு என்று அம்மா நெல் அளக்கும் குரலில் எண்ணினார்."

"உட்காராதே என்று பின்னாலிருந்து குரல் வந்தது. உட்கார்ந்தே பழகிய உடம்பு அது. ஓடினாள். மூன்றாவது அடிக்குத் தரை இல்லை. வயிற்றுக்குள் ஒன்று நழுவி அவளுக்கு முன்பாகக் கீழே போயிற்று. ஜோலார்பேட்டைப் பக்கம் ரயில் ஊதியது. குனிந்து தன் இடது ஷூவைப் பார்த்தாள். பக்கத்து லைனில் தைத்தது. லேஸ் நுனி துடித்தது; தையல் நின்றது."

கம்மவான்பேட்டைக்காரர்:

அப்பாவின் பத்தியில் ஒரே ஒரு திருத்தம். எண்ணுவது வெளியேறிய உடனே; அப்போது தரை எழுந்து வருவது தெரியாது. குடை விரிந்தபின் கடைசி நூறு அடியில்தான் தரை எழுந்து வரும். அப்போதும் தரையைப் பார்க்கக் கூடாது, தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். தரையைப் பார்த்தால் கால் தானாக நீண்டுவிடும், எலும்பு முறியும். நல்ல வீரர் என்றால் அவர் அதைச் செய்திருக்க மாட்டார். மற்றபடி, அம்மா நெல் அளக்கும் குரல் என்பது சரி. நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன் போலும்.

பாலாற்றுப்பாலம்:

அந்த வாக்கியத்தை இரண்டாகப் பிரித்து, எண்ணுவதை முன்னாலும் தொடுவானத்தைக் கடைசியிலும் வைத்துவிட்டேன் ஐயா.

வட்டக்கிணறு:

அக்கா, ஒன்று சொல்லலாமா? மகளின் பத்தியில் வயிற்றுக்குள் ஒன்று நழுவிக் கீழே போகிறது. இந்த இழையின் முதல் பதிவில், வயிறு புரளவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பாலாற்றுப்பாலம்:

உண்மைதான் தம்பி. இப்போதுதான் மேலே சென்று படித்தேன். எனக்கு அப்படி எதுவும் நேரவில்லை. அது உங்கள் கிணறு. நான் அறியாமலேயே எடுத்து அவள் வயிற்றில் வைத்துவிட்டேன். மன்னியுங்கள், நீக்கிவிட்டேன். மூன்றாவது அடிக்குத் தரை இல்லை என்பதற்குப் பிறகு நேராக ரயில் ஊதுகிறது.

வட்டக்கிணறு:

மன்னிப்பெல்லாம் வேண்டாம் அக்கா. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். முப்பது ஆண்டுகளாகக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுதாமல் இருந்திருக்கிறேன். இன்று காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன் முதல் பக்கம் எழுதினேன். பையன் இன்னும் குதிக்கவில்லை. பம்புசெட் மாடியில் நிற்கிறான், சிமெண்டு சுடுகிறது.